ஓடைத்துண்டு யாருக்கு

நான் கூடுதலா நடந்தது முப்பதடிதாம்மா. கயிறு பிடிச்சு அளந்தா முப்பதுகூட வராது. அந்த முப்பதடிக்கு ஊர்ல பாதிப்பேரு எங்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குறாங்க.

நீ கொடைக்கானல் வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் தாலுகா ஆபீசுக்குப் போறேன். ஊத்துங்குற ஊரைத் தாண்டுனா பஸ்ஸு திரும்புற அந்த வளைவுல எனக்குத் தலை சுத்தும். பேசிக்கிட்டே வந்தா தெரியாது. உனக்குத் தூக்கம் வந்தா சொல்லிரு, நிறுத்திக்கிறேன். நிறுத்த மாட்டேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. அவரு சொல்லுறதை விடு.

என் பேரு குருவம்மா. பண்ணைக்காட்டுக்கு அங்கிட்டு கடுக்காய்ப்பள்ளம்னு ஒரு ஊரு. ரெண்டரை ஏக்கர் காப்பி இருக்கு. நிழலுக்குப் பலா, சில்வர் ஓக்கு, அதுல மிளகுக்கொடி. ஊடால கொஞ்சம் மலைவாழை. பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா யாருகிட்டயும் போயி நின்னதில்ல.

என் மாமனாரு இருக்கும்போதே நிலத்தை ரெண்டு மகனுக்கும் பிரிச்சுட்டாரு. மேல்பாதி எங்களுக்கு, கீழ்பாதி என் கொழுந்தன் தவசிக்கு. பத்திரத்துல என்ன எழுதினாங்க தெரியுமா? 'ஓடை வரைக்கும்'னு எழுதினாங்க. எங்களுக்கும் ஓடை வரைக்கும், அவனுக்கும் ஓடை வரைக்கும். அந்த ஓடை இருக்கே, அது ஒரு பெருமழைக்கு மேல்பக்கமா ஓடும், அடுத்த பெருமழைக்குக் கீழ்பக்கமா ஓடும். இந்தத் தடத்துக்கும் அந்தத் தடத்துக்கும் நடுவுல ஒரு இருபது சென்ட்டு கெடக்கு. அதான் ஓடைத்துண்டு. அது யாருதுன்னு கேட்டா, கீழ்த்தடம்தான் ஓடை, அதனால என்னுதுன்னு நான் சொல்லுவேன். மேல்தடம்தான் ஓடை, அதனால என்னுதுன்னு அவன் சொல்லுவான். பதினெட்டு வருஷமா இதுதான். பஞ்சாயத்துல நாலு தடவை பேசியாச்சு. எங்க வீட்டுக்காரரு, பேரு சின்னாண்டி, அவரும் தம்பியும் நல்லாத்தான் இருக்காங்க. சாயங்காலம் ஒரே கடையில டீ குடிப்பாங்க. இடத்தைப் பத்தி மட்டும் பேசிக்கிற மாட்டாங்க. சங்கத்துல உறுப்பினர் என் பேருல. சண்டையும் என் பேருலதான்.

சங்கம்னா காப்பி விவசாயிகள் சங்கம். எண்பத்தி நாலு குடும்பம். பழம் பறிச்சு, தோலெடுத்து, காயவச்சு எல்லாருமா ஒண்ணாச் சேத்துக் கொடுப்போம். முந்தியெல்லாம் வத்தலக்குண்டு வியாபாரி வந்து வாய்க்கு வந்த விலையச் சொல்லி அள்ளிக்கிட்டுப் போவான். போன வருஷம் ஐரோப்பாவுல ஒரு கம்பெனி எங்க காப்பியைக் குடிச்சுப் பாத்துட்டு, அம்புட்டையும் நாங்களே எடுத்துக்கிறோம்னு சொன்னாங்க. தலைவர் கதிரேசன் ஊருக்கே சர்க்கரைப் பொங்கல் வச்சுக் கொடுத்தாரு.

அந்த நேரம் பாத்துத்தான் நம்ம அரசாங்கமும் அந்த ஐரோப்பாக்காரங்களும் வியாபாரம் பேச உக்காந்தாங்க. எனக்கு இதெல்லாம் ரெஜினா சொல்லித்தான் தெரியும். ரெஜினா எங்க சங்கத்துல களவேலை பாக்குறவ, ரெண்டு பிள்ளைக்காரி, இங்கிலீசு நல்லாப் பேசுவா.

"அக்கா, நம்ம துணி, இறாலு, காப்பி எல்லாம் அங்க வரியில்லாமப் போகணும்னு நம்மாளுங்க கேக்குறாங்க. அவங்க காரும் மதுவும் இங்க வரியில்லாம வரணும்னு அவங்க கேக்குறாங்க. அதுல அவங்க ஒரு கண்டிசன் போடுறாங்க. காட்டை அழிச்ச நிலத்துல விளைஞ்சது எதுவும் எங்க ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு."

"எங்க காடு அவனுக்கு எதுக்குடி?"

"காடு எங்க போனாலும் எல்லாருக்கும் சேத்துத்தான் சூடு ஏறுதாம்."

"அவன் ஊருல காடு இருக்கா?"

"அவங்க எப்பவோ வெட்டிட்டாங்கக்கா."

"பாத்தியா. அதான் சொல்லுறேன்."

நீயே சொல்லும்மா. பொண்ணு கேக்க வந்தவன் நகையப் பேசலாம், சீரைப் பேசலாம். உங்க வீட்டுக் கொல்லையில நின்ன முருங்கைய ஏன் வெட்டுனீங்கன்னு கேட்டு, அதுக்குப் பதில் சொன்னாத்தான் தாலின்னா, அது என்ன சம்பந்தம்? நான் விக்குறது காப்பி. அவன் விசாரிக்குறது மரத்தை.

சரி, விசாரிச்சுட்டுப் போறான். எங்கிட்ட என்ன இருக்கு மறைக்க? ஒவ்வொருத்தர் நிலத்தையும் போன்ல படமாப் போட்டு அனுப்பணும்னாங்க. நிலத்துக்காரர் எல்லையச் சுத்தி நடக்கணும், ரெஜினா பின்னாடியே போனைப் பிடிச்சுக்கிட்டு வருவா, நடந்த தடம் கோடா விழும். அந்தக் கோட்டை வச்சுக்கிட்டு மேல சுத்துற செயற்கைக்கோள்ல பழைய படம், புதுப் படம் ரெண்டையும் பாத்து, மரம் கொறைஞ்சிருக்கான்னு அவங்க கண்டுபிடிப்பாங்களாம்.

எனக்கு அது ஒண்ணும் ஓடல. எனக்கு ஓடுனது ஒண்ணே ஒண்ணுதான். நான் நடந்தா அது கோடு. அந்தக் கோடு வெளிநாட்டு அரசாங்கத்துக்குப் போகுது. நம்ம ஊரு கிராம அலுவலர் எழுதுனா நாளைக்கு வேற ஆளு வந்து மாத்துவான். அங்க பதிஞ்சா எவன் மாத்த முடியும்?

ஐப்பசி மாசம், மழை விட்டு ரெண்டு நாளு. தவசி திண்டுக்கல்லுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். அந்த நாளைத்தான் நான் ரெஜினாகிட்டக் கேட்டு வாங்கினேன். மேல்பக்கம் சுத்தி, ரோட்டுப்பக்கம் சுத்தி, ஓடைக்கு வந்தாச்சு. மேல்தடத்துலதான் தண்ணி ஓடுது. அங்க வந்ததும் அவ நின்னுட்டா.

"அக்கா, எல்லை இதானே?"

"நீ பின்னாடியே வா" அப்படின்னு சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு தண்ணியத் தாண்டினேன். கீழ்த்தடம் வரைக்கும் போயி, அதுமேலயே நடந்து, திரும்பி ஏறி வந்தேன். எங்க வீட்டுக்காரரு கரையில நின்னு ரெண்டு தடவை இருமுனாரு. அவ்வளவுதான் அவரு பேச்சு.

மறுவாரம் தவசி நிலத்துக்கு அவன் பொண்டாட்டி நடந்தா. அவளுக்கு அட்டைன்னா உயிரே போயிரும். ஓடைப்பக்கம் முழுக்க அட்டைதான். வேலி ஓரத்துலயே நின்னு, "இதாங்க எல்லை, போதும்"னு திரும்பிட்டாளாம். அப்ப ஓடைத்துண்டு என் படத்துல மட்டும் விழுந்துருச்சு. நான் அந்தப் படத்தை அச்செடுத்து, பண்ணைக்காட்டுல கொடுத்து கண்ணாடித்தாள் ஒட்டி, சாமிபடத்துக்குப் பக்கத்துல மாட்டினேன். எதுத்தாப்புல தவசி வீட்டுக் கதவுக்கு நேரா தெரியுற மாதிரி.

அது கார்த்திகை. மாசி கடைசியில, கொட்டையெல்லாம் காஞ்சு மூட்டை கட்டி நிக்குது. ரெஜினா வந்து வாசப்படியிலயே நின்னா. உள்ள வரல.

"அக்கா, உங்க நிலம் சிவப்பு விழுந்துருச்சு."

சிவப்புன்னா என்னன்னு கேட்டேன். எல்லாரு நிலமும் பச்சையா வந்திருக்கு. என்னுதுல மட்டும் ஓடைப்பக்கம் ஒரு துண்டு சிவப்பு. மூணு வருஷத்துக்கு முன்னாடி அங்க மரம் நின்னுருக்கு, இப்ப இல்ல. எண்பத்தி நாலு பேரு கொட்டையும் ஒண்ணாக் கலந்து கெடக்கு. ஒண்ணு சிவப்புன்னா அத்தனையும் சிவப்பு. ஏத்துமதி நிக்குது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்லுறேன். தவசி அந்தத் துண்டுல ஒம்பது மரத்தை வெட்டிட்டான். மலையில மரம் வெட்ட எழுதி வாங்கணும். அவன் எழுதியும் வாங்கல, என்னையும் கேக்கல. ரெண்டு ஆளு கை கோத்தாலும் சுத்த முடியாத நாவ மரம், சந்தன வேம்பு, கடுக்காய். பட்டர் புரூட் வைக்கணுமாம், அதுக்கு வெயிலு வேணுமாம். நான் சத்தங்கேட்டு ஓடிப் போனேன். வெறுங்கையோட வரல. என் இடத்து மரத்தை நீ எப்படிடா வெட்டலாம்னு கேட்டு, சட்டையப் பிடிச்சு, பாதி மரம் எனக்குன்னு நாலு பேரை வச்சு வாங்கிட்டுத்தான் வந்தேன். சந்தன வேம்புல வீட்டுக்கு நிலையும் கதவும் செஞ்சேன். இன்னைக்கும் கையால தட்டுனா கணீர்னு இருக்கும். விடுவேனா?

அந்த வருஷத்துலருந்து பாத்தா எங்களுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு பாடுதான். ஓடையிலயும் தண்ணி நிக்குறதில்ல. முந்தி வைகாசி வரைக்கும் ஓடும், இப்ப மாசியிலயே கல்லு தெரியுது. மேல் ஊத்துலருந்து அரை மைலுக்குக் குழாய் போட்டிருக்கேன், அதைப் பன்னி முட்டி முட்டிப் பிடுங்கிப்போடும். அது வேற கதை, அதை விடு. மரத்துக்கு வருவோம்.

வெட்டுனவன் அவன். சிவப்பு என் பேருல. இதுல என் தப்பு என்ன இருக்கு சொல்லு?

தலைவர் கூப்பிட்டு அனுப்பினாரு. போறதுக்குள்ள இன்னொரு சேதி. வியாபாரம் பேசுறவங்கள்ல கொஞ்சப் பேரு மலைக்கே வர்றாங்களாம், விவசாயிங்களைக் கண்ணால பாக்கணும்னு. சிவப்பு விழுந்த நிலத்தையும் பாக்கணும்னு கேட்டாங்களாம். எங்க வீட்டுக்கு ரெண்டு காரு வந்துச்சு. ஒண்ணுல அந்த நாட்டு அம்மா ஒருத்தி, அம்பது வயசு இருக்கும், நரைச்ச முடி, கால்ல ரப்பர் பூட்சு. இன்னொண்ணுல நம்மாளு. தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊரு, டெல்லியில உத்தியோகம். நாளு பூரா காருல வந்த களைப்பு முகத்துல தெரிஞ்சுச்சு. அந்த மனுசன் எங்கிட்டத் தனியா வந்தாரு.

"அம்மா, உங்களால எங்களுக்கு ஒரு பெரிய உதவி ஆகணும்."

"சொல்லுங்கய்யா."

"காடு அழிச்ச நிலம்னு அவங்க சொல்றாங்க. நிழல் மரத்துல கிளை கழிச்சுக் கவாத்து பண்ணாலே உங்க படத்துல காடு போச்சுன்னு விழுது, எங்க சின்ன விவசாயிங்களை விட்ருங்கன்னு நாங்க கேக்குறோம். அடுத்த வாரம் மேசையில இதுதான் பேச்சு. ஒரு வருஷமாவது தவணை வாங்கணும். உங்களைக் கேட்டா, கவாத்து பண்ணோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

"ஒரு வார்த்தைதானா?"

"ஒரே வார்த்தை."

நல்ல மனுசன். எனக்கும் சொல்லிரணும்னுதான் இருந்துச்சு. சத்தியமாச் சொல்லுறேன்.

எல்லாரும் ஓடைத்துண்டுக்கு இறங்கினோம். அந்த அம்மா அட்டையப் பாத்துக்கூட அசரல, பிடுங்கிப் போட்டுட்டு நடந்தா. எங்க வீட்டுக்காரரு பின்னாடி வந்தாரு. அங்கிட்டு வேலிக்குள்ள தவசி நிக்குறான். மண்வெட்டியப் பிடிச்சுக்கிட்டு, வேலை பாக்குற மாதிரி. எனக்கு அவனைப் பாத்ததும் மத்ததெல்லாம் மறந்துபோச்சு.

அந்த அம்மா இங்கிலீசுல கேட்டா. ரெஜினா சொன்னா, "இது உங்க நிலமான்னு கேக்குறாங்க அக்கா."

"என் நிலம்தான்" அப்படின்னு நல்லா சத்தமாவே சொன்னேன். தவசி காதுல விழணும்ல. "பதினெட்டு வருஷமா என் நிலம். கீழ்த்தடம் வரைக்கும் என் நிலம். எழுதிக்கச் சொல்லு."

அவ எழுதிக்கிட்டா. தவசி மண்வெட்டியக் கீழ போட்டான்.

அப்ப நம்ம அதிகாரி குறுக்க வந்து அவகிட்ட இங்கிலீசுல நீளமா ஏதோ சொன்னாரு. நான் ரெஜினாவ இடிச்சேன். என்னடி சொல்லுறாருன்னு கேட்டா, "இவங்க ரொம்ப ஏழைங்க, இங்க பெரிய மரமே இருந்ததில்ல, நாலு சின்ன நிழல் மரம், அதைத்தான் கவாத்து பண்ணியிருக்காங்கன்னு சொல்லுறாருக்கா" அப்படின்னா.

ஏழைங்குறது போகட்டும். மரமே இருந்ததில்லையா? என் இடத்துலயா?

"ஐயா, நீங்க தப்பாச் சொல்லுறீங்க" அப்படின்னேன். "கவாத்து பண்ணா அடிமரம் நிக்கும். இங்க பாருங்க, கட்டைதான் கெடக்கு. ஒவ்வொரு கட்டையும் எம்புட்டு அகலம் பாருங்க. இதுல நான் ஏறி உக்காந்து சோறு திங்கலாம். இது நாவ மரம். இது கடுக்காய். ஒம்பது மரம் நின்னுச்சு, ஒம்பதும் என் மரம். வெட்டுனவன் அந்தா நிக்குறானே, அவன். பாதியக் கேட்டு வாங்குனவ நான். வீட்டுல கதவு இருக்கு, வந்து பாக்கச் சொல்லு."

அந்த அம்மா ரெஜினாவையே பாத்துக்கிட்டு நின்னா. அதிகாரி குனிஞ்சு பேன்ட்டுல ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கிட்டே இருந்தாரு. கடைசியில ரெஜினா மெதுவாச் சொன்னா. அந்த அம்மா ஒண்ணு விடாம எழுதினா. எழுதி முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து கதவைத் தடவிப் பாத்தா. ஏதோ சொன்னா. அழகா இருக்குன்னு சொன்னாளாம்.

காருல ஏறும்போது அதிகாரி எங்கிட்ட, "அம்மா, ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன்" அப்படின்னாரு. கோவமாக்கூடச் சொல்லல. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா பொய்யா பேசுனேன்? நீயே சொல்லு. உண்மையச் சொன்னா நாடே கெட்டுப்போகும்னா அது நாட்டுக் கோளாறு.

மூணாம் நாளு சங்கத்துல கூட்டம். எண்பத்தி நாலு வீட்டு ஆளும் வந்திருந்தாங்க. எனக்கு யாரும் இடம் விடல, நின்னுக்கிட்டே இருந்தேன். தலைவர் கதிரேசன் நேராவே கேட்டாரு.

"குருவம்மா, அந்தத் துண்டு உன்னுது இல்லைன்னு எழுதிக் கொடு. ரெஜினா திரும்ப வந்து கோடு போடட்டும். பச்சையாயிரும். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பலைன்னா கம்பெனிக்காரன் வேற ஊருல வாங்கிக்குவான்."

"என்னுது இல்லைன்னா யாருது?"

"தவசிதானே கேட்டுக்கிட்டு இருந்தான்."

நான் தவசியப் பாத்தேன். எனக்கு வயித்தெரிச்சல்தான். பதினெட்டு வருஷம் கட்டிக்காத்த இடம். ஆனா எண்பத்தி நாலு பேரு என் மூஞ்சியவே பாக்குறாங்க. என் பக்கத்து வீட்டுக்காரி, மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கா, அவ தலை நிமிரவே இல்ல. சரின்னு வந்துருச்சு வாயில.

"சரி. தவசிக்கே இருக்கட்டும்" அப்படின்னேன்.

தவசி எந்திரிச்சான். "எனக்கு வேணாம்."

"என்னது?"

"எனக்கு வேணாம் மதினி. உங்க இடம். பதினெட்டு வருஷமா நீங்கதானே சொன்னீங்க. வெள்ளைக்கார அம்மாகிட்டயே சொன்னீங்களே. நான் சாட்சி."

"டேய், மேல்தடம்தான் ஓடைன்னு நீ சொல்லல?"

"தப்பாச் சொல்லிட்டேன். கீழ்த்தடம்தான் ஓடை. எங்கப்பா எங்கிட்டச் சொல்லியிருக்காரு."

அவனும் சங்கத்துல உறுப்பினர்தாம்மா. துண்டு அவனுக்குப் போனா சிவப்பு அவனுக்குப் போகும். வெட்டுனதுக்கு வனத்துறையும் வந்து கேக்கும். அதான் தம்பி தர்மராசா ஆயிட்டான்.

"உன்னுதுடா."

"உங்களுது மதினி."

"நீ பட்டர் புரூட் வச்ச இடம்."

"உங்க இடத்துல தெரியாம வச்சுட்டேன். பிடுங்கிக்கிறேன்."

ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. தலைவர் மட்டும் சிரிக்கல. "பதினெட்டு வருஷம் நாலு பஞ்சாயத்து. எங்க எல்லாருக்கும் காது புளிச்சுப்போச்சு. இப்ப ரெண்டு பேருக்கும் வேணாமா?" அப்படின்னு மேசையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

அப்பத்தான் எங்க வீட்டுக்காரரு பேசினாரு. செவுத்து ஓரத்துல உக்காந்தபடியே, யாரையும் பாக்காம.

"ரெண்டு தடமும் ஓடைதானே. நடுவுல கெடக்குறதும் ஓடைதான். ஓடைப் புறம்போக்குன்னு எழுதிரலாமே."

பதினெட்டு வருஷமா அந்த மனுசன் இதை வாயிலயே வச்சிருந்தாராம்மா. எனக்கு அவரை அங்கயே ரெண்டு அறை விடணும்போல இருந்துச்சு. கூட்டம் முழுக்க அதான் சரி அதான் சரின்னு சொல்லிருச்சு. புறம்போக்குன்னா சர்க்காரு நிலம். சர்க்காரு காப்பி விக்குறதில்ல. யாருக்கும் சிவப்பு இல்ல.

கிராம அலுவலரை வரச்சொன்னாங்க. அந்த இடத்துல எங்களுக்குப் பாத்தியதை இல்ல, ஓடைப் புறம்போக்குன்னு எழுதி, தவசி கையெழுத்துப் போட்டான். அடுத்து நான். பேனாவ வாங்கிக்கிட்டேன். அப்படியே வெளிய போயிரலாமான்னுகூடப் பாத்தேன். வாசலை மறிச்சு ஆளு உக்காந்திருக்கு. போட்டுட்டேன்.

மறுநாளு காலையில ரெஜினா போனை எடுத்துக்கிட்டு வந்தா. மேல்பக்கம் சுத்தி, ரோட்டுப்பக்கம் சுத்தி, மேல்தடத்துக்கு வந்தேன். நின்னேன். அவ ஒண்ணும் கேக்கல. நானே திரும்பினேன். கல்லுமேல கால் வைக்குறேன், கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு. எங்கம்மா செத்தன்னைக்குக்கூட நான் அப்படி நடக்கல. வீட்டுக்கு வந்ததும் சாமிபடத்துக்குப் பக்கத்துல இருந்த படத்தைக் கழட்டி அரிசிப்பானைக்குப் பின்னாடி போட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் பச்சையாப் போச்சு.

செவ்வாய்க்கிழமை ரெஜினா வந்தா. நான் மிளகு புடைச்சுக்கிட்டு இருக்கேன். எட்டியே நின்னா. "அக்கா, கோவிச்சுக்க மாட்டேன்னு சொன்னாத்தான் சொல்லுவேன்" அப்படின்னா. சொல்லித் தொலைடின்னேன்.

"பேச்சுவார்த்தையில ஒத்துக்கிட்டாங்களாம். அஞ்சு ஏக்கருக்குள்ள வச்சிருக்குறவங்களுக்கு ஒரு வருஷம் தவணை. இந்த வருஷம் படம் எதுவும் வேணாமாம். அப்படியே அனுப்பலாமாம்."

நான் முறத்தைக் கீழ வச்சேன். "என்னைக்கு ஒத்துக்கிட்டாங்க?"

"நேத்துக்கா."

நேத்து. நான் கையெழுத்துப் போட்டு அஞ்சு நாளு. அஞ்சே நாளு பொறுத்திருந்தா என் இடம் என் இடமாவே இருந்திருக்கும். கொட்டை போயிருச்சும்மா, பத்து நாளுக்கு முன்னாடி, லாரியில ஏத்தித் தூத்துக்குடிக்கு. நான் போயி நின்னு பாத்தேன். ஒருத்தன் படம் கேக்கணுமே. மூட்டைய எண்ணினான், ஏத்தினான், போயிட்டான்.

இதுல ஊர்ல என்ன பேசுறாங்கன்னா, நான் அன்னைக்கு ஓடையில வாயத் தொறந்ததாலதான் காரியம் கெட இருந்துச்சாம், அந்த அதிகாரி எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி தவணை வாங்கினாராம். நான் அப்படி நினைக்கல. அந்த அம்மா கதவைத் தடவிப் பாத்தாள்ல, அப்பவே அவ மனசு இளகியிருக்கும். உண்மைய நேரா ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்க மாட்டா. தவணை எனக்காகத்தான் வந்துச்சு. ஆனா இடம் போனது எனக்கு மட்டும். தவசிக்கும் போச்சுன்னு வச்சுக்க, அவனுது இல்லாததுதானே அவனுக்குப் போச்சு.

அதான் தாலுகா ஆபீசு. மனு எழுதிக்கிட்டு வந்திருக்கேன். கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கிட்டாங்க, அது புறம்போக்கு இல்ல, எங்க பாத்தியதைன்னு. தாசில்தார் செவ்வாய்க்கிழமைதான் மனு வாங்குவாராம். காலையிலயே கெளம்பியிருக்கணும். எங்க வீட்டுக்காரரு வர மாட்டேன்னுட்டாரு. "விடு குருவு, அது ஓடையாவே இருக்கட்டும்" அப்படின்னு சொல்லிட்டு, மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ஓடைத்துண்டுல குழி வெட்டுறாரு. நாவக்கன்னு நடப்போறாராம். சர்க்காரு நிலத்துல போயி இவரு நடுறாரு. எனக்கு யாரு மேல கோவப்படுறதுன்னே தெரியல.

பஸ்ஸுக்கு நிக்கும்போதுதான் கடைக்காரன் சொன்னான், தவசி முதல் பஸ்ஸுலயே ஏறிட்டானாம். கையில பையாம். கொடைக்கானலுக்கு டிக்கெட் எடுத்தானாம். அவனுக்கு அங்க என்ன வேலை? மனுதான். மேல்தடம்தான் ஓடைன்னு எழுதியிருப்பான்.

என்ன கேட்ட? அடுத்த வருஷமா?

ஆமா, தவணை ஒரு வருஷந்தான். அடுத்த மாசியில திரும்பப் படம் கேப்பாங்க. செயற்கைக்கோளு அங்கதான் இருக்கும், கட்டையும் அங்கதான் இருக்கும். ரெஜினாவும் இதைத்தான் கேட்டா. நீயும் அவள மாதிரியே கேக்குற.

அப்ப பாத்துக்கலாம்மா. அப்ப வேணும்னா தவசிக்கே எழுதிக் கொடுத்துர்றேன். இந்த வருஷம் அது என்னுது. கொஞ்சம் நகந்துக்க, இறங்கணும், அவனுக்கு முன்னாடி நான் வரிசையில நிக்கணும்.